“எனக்கு ஓடுதே, உங்களுக்கு ஏன் ஓடல?”: பல தளச் செயலிகளில் பக் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ளட்டரிலோ ரியாக்ட் நேட்டிவிலோ ஒரே நிரலை வைத்து ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் செயலி செய்யும் குழுக்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு: “எனக்கு ஓடுதேங்க.” சொல்கிறவர் உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. பக் (செயலியின் கோளாறு) யாரிடம் வந்ததோ அவர் தலையிலேயே விடிகிறது. பெரிய தவறு இதுதான். நிரல் ஒன்று, விளைவு இரண்டு என்றால், நிரலுக்கு வெளியே எங்கோ ஒரு வித்தியாசம் இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து அந்த வித்தியாசத்தைத் தேடினால் பாதி வேலை முடிந்தது.

ஒரு சின்ன உதாரணம். சர்வரை உங்கள் மேக்கிலேயே ஓட்டி, முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் (‘இதே கணினி’) என்று எழுதியிருக்கிறீர்கள். கணினியில் ஐஃபோன் போல நடிக்கும் ஐஓஎஸ் சிமுலேட்டர் மேக்கின் நெட்வொர்க்கையே பயன்படுத்துவதால் சிக்கல் இல்லை. ஆண்ட்ராய்டு எமுலேட்டர் தனி மெஷின் மாதிரி. அதற்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அது தானேதான். உங்கள் கணினியை அது 10.0.2.2 என்ற முகவரியில்தான் பார்க்கும். நிஜ ஃபோனில் இந்த இரண்டுமே எடுபடாது, கணினியின் வைஃபை முகவரி வேண்டும். “ஏபிஐ வேலை செய்யல” என்று மட்டும் சொன்னால் மூன்று பேர் மூன்று மணி நேரம் சர்வர் நிரலைப் புரட்டுவார்கள். “நான் எமுலேட்டர்ல ஓட்டுறேன், நீங்க எதுல?” என்ற ஒரு கேள்வி போதும்.

அதனால் உதவி கேட்கும்போது “ப்ரோ, ஆப் கிராஷ் ஆகுது, கொஞ்சம் பாருங்க” என்று அனுப்பாதீர்கள். எந்த ஃபோன், ஓஎஸ் பதிப்பு என்ன, எமுலேட்டரா நிஜ ஃபோனா, டீபக் பில்டா (சோதித்துப் பார்க்க) ரிலீஸ் பில்டா (பயனருக்குப் போவது), கடைசியாக எதை மாற்றினீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள். எரரை ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். படத்தில் இருப்பதை யாராலும் தேட முடியாது. ஃப்ளட்டராக இருந்தால் கணினியில் உள்ள கருவிகளைச் சரிபார்க்கும் ‘ஃப்ளட்டர் டாக்டர்’ கட்டளை தரும் விவரத்தையும் முழுதாக வையுங்கள்.

எரரின் கடைசி வரியை மட்டும் வெட்டி அனுப்புவது இன்னொரு பழக்கம். ஐஃபோன் செயலியை உருவாக்கும் எக்ஸ்கோடில் ‘ஃபேஸ் ஸ்கிரிப்ட் எக்ஸிக்யூஷன் ஃபெயில்டு’ என்று வந்தால், ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் விழுந்தது என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. காரணம் அதற்குப் பல வரிகள் மேலே இருக்கும். ஆண்ட்ராய்டு செயலியைக் கட்டும் கிரேடிலிலும் ‘வாட் வென்ட் ராங்’ பகுதியையும் அதற்கு மேலுள்ள வரிகளையும் படிக்காமல் ‘பில்ட் ஃபெயில்டு’ வரியை மட்டும் கூகுளில் போட்டால், வேறு யாருக்கோ வந்த வேறு பிரச்சினைக்கான மருந்துதான் கிடைக்கும்.

டீபக்கில் ஓடினால் போதும் என்று நம்புவது புதியவர்களைவிட அனுபவசாலிகளை அதிகம் கவிழ்க்கிறது. ஃப்ளட்டர் உருவாக்கித் தரும் ஆண்ட்ராய்டு புராஜெக்ட்டில் டீபக், புரொஃபைல் மேனிஃபெஸ்ட்களில் (செயலிக்கு வேண்டிய அனுமதிகளை எழுதும் ஃபைல்கள்) இன்டர்நெட் அனுமதி தானாகவே இருக்கும்; ரிலீஸுக்குப் போகும் முதன்மை மேனிஃபெஸ்டில் இருக்காது. மேசையில் எல்லாம் ஓடும், கையொப்பமிட்ட ஏபிகேயை (ஆண்ட்ராய்டு நிறுவல் ஃபைலை) அனுப்பியதும் எதிர்முனையில் வெற்றுத் திரை. ரியாக்ட் நேட்டிவில் இதன் சகோதரன் உண்டு: ஆண்ட்ராய்டு 9 முதல் சாதாரண ஹெச்டிடிபி இணைப்புகள் இயல்பாகவே தடுக்கப்படுகின்றன, டீபக் பில்டில் அதற்கு விலக்கு இருக்கும், ரிலீஸில் இருக்காது. ரிலீஸில் நிரலைச் சுருக்கும் ஆர்8 கருவி பயன்படாத வகுப்புகளை நீக்கும்போது, பெயரை வைத்து மட்டும் அழைக்கப்படும் வகுப்பையும் சேர்த்து நீக்கிவிடுவதும் உண்டு. இவை எதையும் டீபக் பில்டை முன்னால் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. உதவிக்கு வருகிறவர் முதலில் ரிலீஸ் பில்டை ஒரு நிஜ ஃபோனில் போட்டுப் பார்க்கட்டும்.

தேடும் கருவியே பக்கை மறைத்துவிடும் சந்தர்ப்பமும் வரும். பழைய ரியாக்ட் நேட்டிவில் குரோம் வழியாக டீபக் செய்தால், நிரல் ஃபோனின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினில் ஓடாமல் குரோமின் வி8 எஞ்சினில் ஓடும். ‘2024-01-05 10:30’ என்று நடுவில் இடைவெளி விட்ட தேதியை வி8 ஏற்றுக்கொள்ளும்; ஐஃபோனின் ஜாவாஸ்கிரிப்ட்கோர் நெடுங்காலம் அதைச் செல்லாத தேதி என்றே தள்ளியது. டீபக்கரை மாட்டினால் பக் போய்விடும், கழற்றினால் வந்துவிடும். அந்த மாற்றம்தான் துப்பு. இதைச் சக புரோகிராமர் சொன்னால் “சரியா பார்த்தீங்களா?” என்று சந்தேகப்படாதீர்கள்.

ஒரு தளத்தில் பழகிய நினைப்போடு இன்னொரு தளத்தைப் பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பயனரின் தரவே போய்விட்டது போலத் தெரியும். பயனர் எடுத்த படத்தைச் செயலியின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் சேமித்து, அதன் முழுப் பாதையையும் டேட்டாபேஸில் எழுதிவைக்கிறோம். ஆண்ட்ராய்டில் பொதுவாக இது மாதக்கணக்கில் ஓடும். ஐஓஎஸ்ஸில் அந்தப் பாதைக்குள் ஒரு நீண்ட அடையாளக் குறியீடு இருக்கிறது. செயலியை அப்டேட் செய்யும்போது அது மாறலாம். படம் அங்கேயேதான் இருக்கிறது, நாம் எழுதிவைத்த முகவரிதான் செல்லாமல் போயிற்று. ஃபைல் பெயரை மட்டும் சேமித்து, ஃபோல்டர் பாதையை ஒவ்வொரு முறையும் ஓஎஸ்ஸிடம் கேட்டு வாங்க வேண்டும். ஏற்கெனவே முழுப் பாதையோடு கிடக்கும் பழைய பதிவுகளுக்கும் ஃபைல் பெயரைப் பிரித்தெடுத்து வழி செய்யாவிட்டால், திருத்தம் புதிய பயனர்களுக்கு மட்டும்தான் உதவும்.

தமிழில் தட்டச்சு செய்து சோதிக்காமல் செயலியை வெளியிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். புரொஃபைல் வட்டத்தில் பெயரின் முதல் எழுத்தைக் காட்டுகிறீர்கள். ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டில் சப்ஸ்ட்ரிங் வைத்து வெட்டினால் ‘கோமதி’க்கு ‘க’ என்று வரும். கண்ணுக்கு மூன்று எழுத்தாகத் தெரியும் இந்தப் பெயர் நிரலுக்கு ஐந்து குறியீடுகள்: க, ஓகாரக் குறி, ம, த, இகரக் குறி. டார்ட்டின் ‘கேரக்டர்ஸ்’ பேக்கேஜைப் பயன்படுத்தினால் ‘கோ’ முழுதாக வரும். அந்த ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் கிடைக்காது. ஒப்பிடும் முன் யூனிகோட் நார்மலைஸ் செய்ய (இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர) வேண்டும். எழுத்துருவும் தளத்துக்குத் தளம் வேறு. உங்கள் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் ஓஎஸ் தன்னிடம் இருப்பதைப் போடும். ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஐஃபோனில் தமிழ் சங்கம் எம்என் என்று வரும்போது உயரங்கள் மாறி, பட்டனுக்குள் கொம்பும் சுழியும் வெட்டுப்படலாம். ‘டெஸ்ட்’ என்று ஆங்கிலத்திலேயே அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை குழுவில் ஒருவருக்கும் இது தெரியாது.

ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பமும் இதே வகை. மேக்கும் விண்டோஸும் இயல்பாக அதைக் கண்டுகொள்ளாது, பில்ட் செய்யும் லினக்ஸ் சர்வர் விடாது.

கடைசியாக, பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றுவது. கேஷை அழித்து, எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பு என்று குறித்துவைக்கும் லாக் ஃபைலை நீக்கி, பேக்கேஜ்களை எல்லாம் புதிய பதிப்புக்கு ஏற்றி, எக்ஸ்கோடையும் அப்டேட் செய்துவிட்டால், ஓட ஆரம்பித்தாலும் எதனால் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. லாக் ஃபைலைத் தூக்கியதும் உங்களிடம் இருப்பதும் நண்பரிடம் இருப்பதும் வேறு வேறு பேக்கேஜ்கள் ஆகிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாது. பப்ஸ்பெக் லாக், பாட்ஃபைல் லாக் இரண்டையும் கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) கமிட் செய்து வையுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். போன வாரம் ஓடியது, இன்று ஓடவில்லை என்றால் ஊகித்துக்கொண்டிருக்காமல் கமிட்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் ‘கிட் பைசெக்ட்’ ஓட்டுங்கள். இடையில் ஆயிரம் கமிட் இருந்தாலும் சுமார் பத்துச் சோதனைகளில் கெடுத்த கமிட்டைக் காட்டிவிடும். அதை எழுதியவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டால், ஏன் அப்படி எழுதினார் என்பதும் சேர்ந்தே தெரியவரும்.