தோர்தோன் ஆற்றோரம் ஆறு இரவு: பிரெஞ்சு கிராமங்களில் நிதானமாகக் கார் ஓட்டத் திட்டமிடுவது எப்படி

பிரான்ஸுக்குப் போய்க் கார் எடுத்துக் கோட்டைகளாகப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்கிற காரியம், வரைபடத்தைத் திறந்து பாரிஸ், லுவார், நார்மண்டி, அப்புறம் தெற்கே ப்ரொவான்ஸ் என்று புள்ளி வைத்துக் கோலம் போடுவது. நானும் போட்டேன். முதல் பயணத்தில் ஐந்து நாளில் ஒன்பது கோட்டை. எந்தப் படிக்கட்டு எந்தக் கோட்டையில் இருந்தது என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது, பார்க்கிங் இடங்கள் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கின்றன. இரண்டாம் தடவை ஒரே ஆறு, ஒரே வீடு, ஆறு இரவு என்று போனோம். அந்த இரண்டாம் வகைப் பயணத்தைப் புதிதாகப் போகிறவர்கள் எப்படித் திட்டமிடலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஒரே ஒரு பள்ளத்தாக்கு

என் தேர்வு தென்மேற்கே தோர்தோன் ஆறு, அதிலும் சார்லா என்ற சிற்றூரைச் சுற்றிய பகுதி. காரணம் தூரம்தான். சார்லாவிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பெய்நாக், காஸ்டெல்நோ, லா ரோக் கஜாக், தோம் என்று நான்கு ஊர்கள் ஆற்றை ஒட்டியே கிடக்கின்றன. பிரான்ஸில் 'மிக அழகான கிராமங்கள்' என்று ஒரு சங்கம் இருக்கிறது. 1982-இல் தொடங்கியது, இரண்டாயிரம் பேருக்குமேல் வசிக்கிற ஊரைச் சேர்க்க மாட்டார்கள். இந்த நான்கு ஊரும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

கோட்டைகளுக்கும் இங்கே ஒரு கதைத்தொடர்ச்சி உண்டு. 1337 முதல் 1453 வரை இழுத்தடித்த நூறாண்டுப் போரில் இந்த ஆறு பல காலம் எல்லையாக இருந்தது. வடகரைப் பாறை உச்சியில் இருக்கும் பெய்நாக் பிரெஞ்சு பக்கம், எதிர்க்கரை காஸ்டெல்நோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். ஒன்றின் மதிலில் நின்றால் மற்றது கண்ணெதிரே தெரியும். எதிரி வீட்டில் அடுப்பு புகைகிறதா என்றுகூடப் பார்த்திருப்பார்கள். ஒன்றைப் பார்த்த மறுநாள் மற்றதைப் பார்த்தால்தான் இதெல்லாம் புரிகிறது. அதனால்தான் ஒரே பள்ளத்தாக்கில் இருங்கள் என்கிறேன்.

படி 2: மாதம்

மே கடைசி, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்களே மொத்தமாக விடுமுறைக்குக் கிளம்பிவிடுவார்கள், ஆற்றோரச் சாலை ஊர்ந்துதான் போகும். குளிர்காலத்தில் பாதி விடுதிகளும் சில கோட்டைகளும் பூட்டியிருக்கும். ஜூனில் இன்னொரு லாபம், இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டுவிட்டு ஊரைச் சுற்ற ஒரு முழு மாலை கூடுதலாகக் கிடைக்கிறது.

படி 3: உரிமம், கார்

இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். ஓராண்டு செல்லும். அதைமட்டும் தனியாகக் கொண்டுபோனால் செல்லாது, மூல உரிமமும் கூடவே வேண்டும்.

கார் வாடகையில் மூன்று விஷயம். ஒன்று, அங்கே கியர் வண்டிதான் வழக்கம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் விலை கூடும், எண்ணிக்கையும் குறைவு, முன்னாடியே பதிவு செய்ய வேண்டும். கியர் நமக்குப் பழக்கம்தானே என்று நினைக்காதீர்கள், அங்கே இடப்பக்கம் உட்கார்ந்து வலது கையால் கியர் போட வேண்டும். முதல் நாள் நான் கதவுக் கைப்பிடியை எத்தனை தடவை பிடித்து இழுத்தேன் என்று வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இரண்டு, ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும், டெபாசிட் தொகையை அதில்தான் பிடித்து வைப்பார்கள், டெபிட் கார்டை நீட்டினால் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். மூன்று, சின்ன கார் எடுங்கள். ஐந்து பேருக்கும் ஐந்து பெட்டிக்கும் பெரிய வண்டி என்று கணக்குப் போட்டால், மாட்டு வண்டிக்குப் போட்ட சந்தில் இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி போக வேண்டியிருக்கும்.

விமானத்தில் இறங்கிய அன்றே கார் எடுக்காதீர்கள், இதில் மட்டும் நான் பிடிவாதமாகச் சொல்வேன். பாரிஸிலிருந்து போர்தோ நகரத்துக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம், கொஞ்சம் கூட ஆகலாம். அங்கே ஒரு இரவு தூங்கி எழுந்து, காலையில் கார் எடுத்துச் சார்லாவுக்கு ஓட்டுங்கள், வழியில் நின்று போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். சிற்றூர்களில் வாடகை அலுவலகம் மதிய இடைவேளைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் பூட்டியிருக்கும் என்பதால் பெரிய ஊரில் எடுப்பதே நல்லது.

படி 4: வீடு

இரண்டு சொல் தெரிந்துகொள்ளுங்கள். 'ஷாம்ப்ர் தோத்' என்றால் ஒரு குடும்பம் தன் வீட்டில் சில அறைகளை விருந்தினருக்குத் தருவது, காலை உணவும் அவர்களே கொடுப்பார்கள். 'ஜீத்' என்றால் சமையலறையோடு தனி வீடு. ஜூலை, ஆகஸ்டில் சனியிலிருந்து சனி வரை வாரக் கணக்கில்தான் பெரும்பாலும் கிடைக்கும், மற்ற மாதங்களில் வளைந்து கொடுப்பார்கள்.

நம்மவர்களுக்கு ஜீத் என்பேன், முக்கியமாகச் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு. அந்த வட்டாரமே வாத்தில் வாழ்கிறது. சார்லா உருளைக்கிழங்கு என்று ஒன்று கொண்டுவந்து வைப்பார்கள், பூண்டும் கொத்தமல்லி மாதிரி ஒரு தழையும் தூவி, பார்க்க நம் வறுவல் மாதிரியே இருக்கும். அதை வறுப்பது வாத்துக் கொழுப்பில். கேட்காமல் வாயில் வைக்காதீர்கள். அதே சந்தையில் வால்நட், வால்நட் எண்ணெய், கபேகு என்ற சின்ன வட்டமான ஆட்டுப்பால் சீஸ், தக்காளி, அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி எல்லாம் கிடைக்கும். ஒரு குக்கரும் கொஞ்சம் ரசப்பொடியும் கொண்டுபோனவன் அங்கே ராஜா.

படி 5: கடிகாரம்

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் அடிபடுவது இதில்தான். கிராமத்தில் மதியச் சாப்பாடு 12 மணிக்கு ஆரம்பம், ஒன்றரைக்குப் பிறகு போனால் சந்தேகம், இரண்டு மணிக்குச் சமையலறை மூடிவிடும். நாங்கள் ஒரு கோட்டையை அவசரமில்லாமல் பார்த்துவிட்டு இரண்டேகாலுக்கு இறங்கி வந்தோம். மூன்று உணவகம், மூன்றிலும் தலையாட்டல். கடைகளும் 12 முதல் 2 வரை பூட்டு என்றால் இரண்டேகாலுக்குத் திறந்திருக்க வேண்டுமே என்று பார்த்தால், அன்றைக்குத் திங்கள். ஞாயிறு மதியத்திலிருந்து திங்கள் முழுக்கப் பல கடைகள் திறப்பதே இல்லை. காரில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டோம், ஆற்றைப் பார்த்துக்கொண்டே.

அதனால் காலை பத்துக்குக் கோட்டை, 12-க்குச் சாப்பாடு, மதியம் ஆற்றங்கரை அல்லது தூக்கம், ஐந்து மணிக்குமேல் கிராமம். இரவு உணவு ஏழரைக்கு முன்னால் கிடைக்காது.

சந்தை நாள்களைக் குறித்துக்கொண்டு அதைச் சுற்றி மற்றதை அடுக்குங்கள். சார்லாவில் புதனும் சனியும், தோமில் வியாழன், சான் சிப்ரியானில் ஞாயிறு. சந்தைக்கு முந்தின இரவு ஊர்ச் சதுக்கத்தில் காரை விடக் கூடாது. நேற்று மாலை காலியாக, இலவசமாக இருந்த இடம் காலை ஆறு மணிக்குக் காய்கறிக் கடை ஆகிவிடும், உங்கள் வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள். அறிவிப்புப் பலகையில் கிழமையின் பெயர் இருக்கும், ஏழு கிழமைக்கும் பிரெஞ்சுப் பெயரை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவைத்தால் பிழைத்தீர்கள்.

படி 6: சாலை

வலப்பக்கம் ஓட்டுவது பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம்தான் சாலையின் நடுக்கோடு, இங்கேயும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான். இதை மனசில் வைத்தால் போதும். போக்குவரத்து இருக்கும்போது முன்னால் போகிற வண்டியைப் பார்த்து ஓட்டிவிடுவோம். ஆபத்து எப்போது என்றால், காலையில் ஆளில்லாத சாலையில், பெட்ரோல் பங்கிலிருந்தோ ரொட்டிக் கடையிலிருந்தோ வெளியே திரும்புகிற அந்த நொடியில். பக்கத்தில் இருப்பவர் 'வலது' என்று சத்தமாகச் சொல்வதை ஒரு சடங்காகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம்: ஊருக்குள் 50, சில இடங்களில் 30. கிராமத்துச் சாலையில் 80, பலகை 90 என்று சொன்னால் 90. நெடுஞ்சாலையில் 130, மழையில் 110. ஊருக்குள் 50 என்று தனியாக எழுதிப் போட மாட்டார்கள், சிவப்பு விளிம்போடு ஊர்ப் பெயர்ப் பலகை வந்தால் அதுவே 50-இன் ஆரம்பம், அதே பெயர் சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தால் ஊர் முடிந்தது. கேமரா இருக்கும், அபராதம் வாடகை நிறுவனம் வழியாக உங்கள் கார்டுக்கே வந்து சேரும்.

வலப்பக்க முன்னுரிமை என்று ஒரு விதி உண்டு. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் உங்கள் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்கு நீங்கள் வழிவிட வேண்டும், அவர் ஓட்டுவது டிராக்டராக இருந்தாலும், நீங்கள் போவது பெரிய தெருவாகவே இருந்தாலும். மஞ்சள் வைரப் பலகை தெரிந்தால் முன்னுரிமை உங்களுக்கு, அதன் குறுக்கே கருப்புக் கோடு விழுந்தால் அது முடிந்தது. ரவுண்டானாவில், உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முன்னுரிமை, அவர்கள் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வருவார்கள். வழி தவறினால் இன்னொரு சுற்றுச் சுற்றுங்கள், யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள்.

பங்கில் 'கசோல்' என்று எழுதியிருப்பதைப் பெட்ரோல் என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள், அது டீசல். பெட்ரோலுக்கு எஸ்.பி.95 அல்லது எஸ்.பி.98. சூப்பர்மார்க்கெட் பங்குகளில் விலை குறைவு, ஆனால் ஞாயிறு மாலை ஆளிருக்காது, இயந்திரம் நம் ஊர் கார்டை ஏற்காமலும் போகலாம். சனிக்கிழமையே நிரப்பிவிடுங்கள்.

வழிகாட்டிச் செயலியில் 'காஸ்டெல்நோ' என்று மட்டும் தட்டினால் வேறு மாவட்டத்தில் இருக்கும் இன்னொரு ஊருக்குக் கூட்டிப்போகலாம், அந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டு. அஞ்சல் எண் 24-இல் ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள், அதுதான் தோர்தோன் மாவட்டம்.

படி 7: எந்த நாளில் எது

ஒரு நாளைக்கு ஒரு கோட்டை, அதற்குமேல் வேண்டாம். முதல் நாள் பெய்நாக். ஆற்றங்கரையிலிருந்து ஏறினால் முழங்கால் பேசும், பெரியவர்கள் இருந்தால் மேலே இருக்கும் பார்க்கிங்குக்குக் காரிலேயே போய்விடுங்கள். மறுநாள் காஸ்டெல்நோ. உள்ளே மத்தியகாலப் போர்க்கருவி அருங்காட்சியகம், மதில்மேல் ஆளுயரத்தைத் தாண்டிய கல்லெறி பொறிகள். பிள்ளைகள் நகர மாட்டார்கள், இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மூன்றாம் நாள் மிலாந்த். காஸ்டெல்நோ பிரபுவின் மனைவிக்கு அந்தக் கோட்டை பழசாகவும் வசதியில்லாமலும் பட்டதால் 1489-இல் கட்டிக்கொடுத்த வீடு என்பார்கள். ஆனால் அதற்காகப் போக வேண்டாம். அமெரிக்காவில் வறுமையில் பிறந்து பாரிஸ் மேடையை ஆண்ட கறுப்பினக் கலைஞர் ஜோசபின் பேக்கர் 1947-இல் இதை வாங்கி, பல நாடுகளிலிருந்து தத்தெடுத்த பன்னிரண்டு பிள்ளைகளை இங்கே வளர்த்தார். கடனில் வீடு கைவிட்டுப் போய், கடைசியில் சமையலறை வாசல் படியில் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் உள்ளேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்த பிரெஞ்சு இயக்கத்துக்கு உளவு பார்த்தவர் அவர். 2021-இல் பிரான்ஸ் அவரைப் பாந்தியோனில், அதாவது நாட்டின் பெரியவர்களுக்கான பாரிஸ் நினைவு மண்டபத்தில், ஏற்றி மரியாதை செய்தது. இத்தனை கோட்டையில் எனக்கு மனசில் நின்றது இந்த ஒரு வாசல்படிதான்.

நான்காம் நாள் மோந்தின்யாக், சார்லாவிலிருந்து 25 கிலோமீட்டர். இங்கே ஆதிமனிதர்கள் வரைந்த லாஸ்கோ குகை ஓவியங்களை 1940-இல் நான்கு பையன்கள் கண்டுபிடித்தார்கள். பார்வையாளர்களின் மூச்சுக்காற்றே ஓவியத்தைக் கெடுத்ததால் 1963-இல் மூடிவிட்டார்கள். இப்போது பார்ப்பது 2016-இல் திறந்த முழு அளவுப் பிரதி. பிரதிதானே என்று விடாதீர்கள், நேரத்தை மட்டும் முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

தோமை ஒரு மாலைக்கு வையுங்கள், 1281-இல் எழுப்பிய மதில் நகரம், மேலேயிருந்து மொத்தப் பள்ளத்தாக்கும் தெரியும். லா ரோக் கஜாக்கில் கபார் என்ற தட்டை அடிப் படகு. அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

ஒரு நாளைக் காலியாக விடுங்கள். அன்றைக்கு என்ன செய்வது என்று வீட்டில் சண்டை வரும். வரட்டும். எங்களுக்கு அந்த நாள் மழை, ஜீத் வீட்டுக்காரம்மா ஒரு பை வால்நட் கொடுத்துவிட்டுப் போனார், உட்கார்ந்து உடைத்துக்கொண்டே இருந்தோம்.

கார் திருப்பித் தரும்போது டேங்க் நிரப்பிய ரசீதையும், வண்டியின் நான்கு பக்கப் புகைப்படத்தையும் வைத்திருங்கள். நான் எடுக்கவில்லை, சக்கர மூடியில் நான் போடாத ஒரு கீறலுக்கு இரண்டு மாதம் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தேன்.