டாலின் பழைய நகரம் ஒரே நாளில்: எந்தப் படியில் ஏறி, எந்தப் படியில் இறங்குவது?

எஸ்தோனியாவின் தலைநகரம் டாலின். பின்லாந்தின் தலைநகரம் ஹெல்சின்கியிலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரம். காலைக் கப்பலில் போய் இரவுக் கப்பலில் திரும்பிவிடலாம். நானும் அப்படித்தான் போனேன். ஒரு தவறான படிக்கட்டில் இறங்கியதால் ஒரே குன்றை இரண்டு முறை ஏற வேண்டியதாகிவிட்டது. நீங்கள் ஒரு முறை ஏறினால் போதும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிளம்பும் முன்

சக்கரம் வைத்த பெட்டியைக் கூட எடுத்துப் போகாதீர்கள். பழைய நகரம் முழுக்க உருண்டைக் கல் பாவிய தெருக்கள். என் பெட்டியின் ஒரு சக்கரம் இருநூறு மீட்டரைக்கூடத் தாண்டவில்லை. துறைமுக முனையத்தில் லாக்கர் இருக்கிறது. காசைப் பார்க்காமல் அதில் போட்டுவிடுங்கள். அடிப்பகுதி தடித்த ஷூதான் சரி. மெல்லிய அடி என்றால் மதியத்துக்குள் ஒவ்வொரு கல்லும் பாதத்துக்குத் தெரியும்.

வரைபடத்துக்கு எனக்குப் பிடித்தது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ். இணையம் இல்லாமல் வேலை செய்யும், படிக்கட்டுகளைத் தெருவிலிருந்து வேறுபடுத்திக் காட்டும். இந்த ஊரில் அது ஏன் முக்கியம் என்பது கீழே ‘படி 3’ பகுதியில் புரியும்.

படி 1: பிக் தெருவை விட்டு விலகாதீர்கள்

துறைமுகத்திலிருந்து கால் மணி நேரம் நடந்தால் ஒரு குண்டுக் கோபுரம் வரும். பெயரே ‘குண்டு மார்கரெட்’தான். அதை ஒட்டிய கோட்டை வாசலில் நுழைந்தால் பிக் தெரு. ‘பிக்’ என்றால் நீளம். பெயருக்கேற்ப குன்றின் அடிவாரம் வரை போகிறது. வழியில் ஓலெவிஸ்தே தேவாலயம் வரும். அதன் கோபுரத்தில் இப்போது ஏற வேண்டாம். பரிசுத்த ஆவி தேவாலயத்தின் வெளிச்சுவரில் இருக்கும் வர்ணம் பூசிய கடிகாரத்துக்கு மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். 17ஆம் நூற்றாண்டில் செதுக்கியது. அங்கிருந்து நகரச் சதுக்கம் கூப்பிடு தூரம், கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். திரும்பாதீர்கள். பெரிய சுற்றுலாக் கப்பல்களின் கூட்டம் வந்து சேர்வதற்குள் மேலே போய்விட வேண்டும்.

படி 2: நீளக் கால் வழியாக ஏற்றம்

மேல் நகரம் தோம்பேயா. அங்கே இருந்தவர்கள் பிஷப்பும் பிரபுக்களும், கீழே வணிகர்கள். இரண்டு தரப்புக்கும் ஆகாது. நடுவில் சுவர், வாசல், இரவானால் பூட்டு. ஏறுவதற்கு இருந்தது இரண்டே வழி: பிக் யால்க், அதாவது நீளக் கால், லூஹிக்கே யால்க், குட்டைக் கால். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை, அதனால் எங்கள் ஊர் நொண்டும் என்று உள்ளூர்க்காரர்களே கிண்டல் செய்வார்கள். நீளக் கால் படியில்லாத சீரான சரிவு, மூச்சு வாங்காது. ஏறுவதற்கு அதுதான்.

படி 3: நான் மாட்டிக்கொண்ட இடம்

மேலே அலெக்சாண்டர் நெவ்ஸ்கி தேவாலயம். வெங்காய வடிவக் குவிமாடங்கள், எல்லாப் படத்திலும் வரும். ஆனால் அது இடைக்காலத்தது இல்லை. ரஷ்யப் பேரரசு 1900இல் கட்டி முடித்தது. அதற்கு எதிரே நாடாளுமன்றம்.

விஷயம் அதற்குப் பிறகுதான். குன்றின் விளிம்பில் இரண்டு பார்வை மேடைகள்: கோஹ்துஓட்ஸா, பாட்குலி. வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். விளிம்பை ஒட்டியே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம் என்று நினைப்போம். முடியாது. ஒவ்வொன்றும் ஒரு சந்தின் முனை. வந்த வழியே திரும்பித்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

நான் முதலில் பாட்குலிக்குப் போனேன். கீழே கோட்டைச் சுவர், சிவப்புக் கூம்புத் தொப்பி போட்ட வட்டக் கோபுரங்கள், பின்னால் கடல். பக்கத்திலேயே ஒரு படிக்கட்டு இறங்கியது. ஆளும் இல்லை, அழகாகவும் இருந்தது. ‘அட, இதுதான் கீழ் நகரத்துக்குக் குறுக்கு வழி’ என்று இறங்கிவிட்டேன். மொத்தம் 157 படி. கடைசிப் படியில் நின்று பார்த்தால் ஒரு குளமும் பூங்காவும், சற்றுத் தள்ளி ரயில் நிலையமும். கோட்டைக்கு வெளியே வந்து நிற்கிறேன்! சுற்றி உள்ளே வந்தால் மறுபடியும் நீளக் காலின் அடிவாரம். கோஹ்துஓட்ஸாவைப் பார்க்கவில்லையே என்று திரும்பவும் ஏற்றம், கையில் சக்கரம் போன பெட்டியோடு.

ஆகவே முதலில் கோஹ்துஓட்ஸா, அப்புறம் பாட்குலி, பிறகு நெவ்ஸ்கி தேவாலயத்துக்கே திரும்பி வாருங்கள். பாட்குலி படிக்கட்டை மேலே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

படி 4: குட்டைக் கால் வழியாக இறக்கம்

தேவாலயத்துக்குப் பின்னால் டென்மார்க் மன்னரின் தோட்டம். முகமே இல்லாத துறவிச் சிலைகள் நிற்கும். டென்மார்க் கொடி 1219இல் வானத்திலிருந்து விழுந்தது இங்கேதான் என்று கதை. தோட்டத்தை ஒட்டி இறங்குவது குட்டைக் கால்: செங்குத்து, நடுநடுவே படிகள், மழை பெய்தால் வழுக்கும். கைப்பிடிக்குக் கூச்சப்படாதீர்கள்.

இறங்கியதும் நிகுலிஸ்தே. முன்பு தேவாலயம், இப்போது அருங்காட்சியகம். ஒரே ஒரு நுழைவுச்சீட்டுக்குத்தான் பணம் என்றால் என் ஓட்டு இதற்கு. பேர்ன்ட் நோட்கே வரைந்த ‘மரண நடனம்’ உள்ளே இருக்கிறது. போப்பையும் பேரரசரையும் எலும்புக்கூடுகள் கைபிடித்து ஆட இழுக்கின்றன. போப்புக்குப் பக்கத்தில் ஒரு எலும்புக்கூடு தோளில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஒய்யாரமாக நடக்கிறது. அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

படி 5: சதுக்கம், சாப்பாடு

நகர மண்டபம் 1404இல் கட்டி முடித்தது. மூலையிலுள்ள மருந்துக்கடை 1422ஆம் ஆண்டு ஆவணத்திலேயே வருகிறது. இன்றும் மருந்து விற்கிறார்கள். பக்கத்து அறையில் பழைய மருந்துச் சரக்குகளை வைத்திருக்கிறார்கள், பார்க்கக் காசில்லை.

சதுக்கத்தைச் சுற்றியுள்ள வெயில் குடை மேசைகளில் உட்கார வேண்டாம் என்பது என் கட்சி. நகர மண்டபத்தின் அடியிலேயே ‘மூன்றாவது டிராகன்’ என்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு கடை. கடமான் சூப்புக்குக் கரண்டி தர மாட்டார்கள், கிண்ணத்தோடு குடிக்க வேண்டியதுதான். பீப்பாயில் மிதக்கும் ஊறிய வெள்ளரிக்காயை நாமே குச்சியால் குத்தி எடுக்கலாம். சைவர்கள் இறைச்சி வைக்காத பேஸ்ட்ரியைக் கேட்டு வாங்குங்கள்.

படி 6: திரும்பும் வழியில் கோபுரம்

மதியத்துக்கு மேல் கத்தரீனா சந்து, வீரு வாசல் இரண்டையும் பார்த்துவிட்டு ஓலெவிஸ்தேக்கு வாருங்கள். துறைமுகத்துக்குப் போகிற வழிதான். 232 கல்படிகள், குறுகலான திருகுப் படிக்கட்டு. ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் அதே வழி, எதிரில் ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பொதுவாகக் கோபுரத்தை மூடிவிடுவார்கள்.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் இருவர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: பின்லாந்துக்கு ஒருமுறை நுழைவு விசாதான் இருக்கிறது, டாலின் போய்வரலாமா? வழக்கமான ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) என்றால் போகலாம். இரண்டு நாடுகளுமே ஷெங்கனுக்குள் இருப்பதால் அது புதிய நுழைவாகக் கணக்காகாது. ஆனால் பாஸ்போர்ட்டை ஹெல்சின்கி விடுதி அறையில் வைத்துவிட்டுக் கப்பல் ஏறாதீர்கள்.

இன்னொன்று: டிசம்பரில் போன ஒருவர், மேடைக்குப் போவதற்குள் இருட்டிவிட்டது என்று எழுதியிருந்தார். அந்த மாதத்தில் மாலை மூன்றரைக்குள் சூரியன் போய்விடும். அப்போது போகிறவர்கள் நிகுலிஸ்தேயைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வெளியே பார்க்க வேண்டியதை முடித்துவிடுங்கள்.