திறந்தவெளிக்கு நாற்காலி, மேசை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

மொட்டை மாடிக்கோ முற்றத்துக்கோ தோட்டத்துக்கோ நாற்காலி, மேசை வாங்க நினைப்பவர் கடைக்குப் போவதற்கு முன் அந்த இடத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது, சாரல் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது, தரையில் நீர் எங்கே தேங்குகிறது, கடற்காற்று வருகிறதா என்பவை தெரிந்த பிறகுதான் எந்தப் பொருள் ஏற்றது என்ற கேள்விக்கே இடம் வருகிறது.

மரத்தில் தேக்குக்கு இணை குறைவு. அதிலுள்ள இயற்கையான எண்ணெய்ப் பசை மழையையும் கரையானையும் தடுக்கிறது. ஆனால் இந்தக் குணம் வைரம் பாய்ந்த நடுமரத்துக்கே உரியது. பலகையின் ஓரத்தில் வெளிறிய நிற மரம் தெரிந்தால் அந்தப் பகுதி சீக்கிரம் உளுத்துப்போகும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. வெயிலில் தேக்கு சாம்பல் நிறமாவது மேற்பரப்பின் மாற்றம் மட்டுமே, வலிமை குறைவதில்லை.

எந்த நாற்காலியையும் வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள். வெளியில் கிடக்கும் மரச்சாமான் பெரும்பாலும் நடுப்பலகையில் கெடுவதில்லை. காலின் அடியிலும் மூட்டுகளிலும்தான் கெடத் தொடங்குகிறது. காலின் அடியில் மரநார்களின் வெட்டுமுகம் திறந்திருப்பதால் ஈரத்தை அது மேல்நோக்கி உறிஞ்சும். ரப்பர் அல்லது நைலான் குமிழ் பொருத்தித் தரையிலிருந்து சற்று உயர்த்தினால் போதும். உலோகக் குழாயாலான கால் என்றால் உள்ளே புகும் நீர் வடிய அடியில் சிறு துளை இருக்க வேண்டும். திருகாணிகளையும் விட்டுவிடக் கூடாது. கடலோரத்தில் அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி நேரடியாக உட்கார்ந்தால், உப்பு ஈரம் பட்டு, திருகாணியைச் சுற்றியுள்ள அலுமினியமே அரிக்கப்படும். இடையில் ஒரு நைலான் வாஷர் போட்டால் இது பெருமளவு தடுக்கப்படும்.

இரும்பு கனமானது, பலத்த காற்றிலும் புரளாது. ஆனால் கீறல் விழுந்த இடத்திலிருந்து துரு பெயிண்டுக்கு அடியிலேயே பரவும் என்பதால், துத்தநாக முலாம் பூசிய பிறகு பெயிண்ட் அடித்ததையே கேட்டு வாங்க வேண்டும். அலுமினியம் துருப்பிடிக்காது, எனினும் எடை குறைவு. காற்று வீசும் மாடியில் அதைக் கட்டி வைக்க நேரிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 வகை பொதுவான இடங்களுக்குப் போதுமானது. கடலோரத்துக்கு, உப்பு அரிப்பைத் தாங்க உதவும் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 வகையே ஏற்றது.

இயற்கைப் பிரம்பைக் கூரைக்கு அடியில் மட்டும் போடலாம். செயற்கைப் பிரம்பில் பாலிஎதிலீன் வகை வெயிலைத் தாங்கும்; பிவிசி விறைத்து வெடிக்கும். பின்னலுக்குள் மறைந்திருக்கும் சட்டம் இரும்பா அலுமினியமா என்பதையும் கேளுங்கள்.

மெத்தை உறைக்கு, நூலாக இழுக்கும் முன்பே சாயம் கலக்கப்பட்ட அக்ரிலிக் துணி எளிதில் வெளுக்காது. உள்ளே சாதாரண ஸ்பாஞ்ச் இருந்தால் நனைந்தபின் நாள்கணக்கில் ஈரம் காக்கும். நீர் வடிந்து வெளியேறும் பெரிய துளைகளுள்ள ஃபோம் சற்று விலை கூடினாலும் வாங்கத் தக்கது.

இருக்கையின் உயரம் ஏறத்தாழ 45 செ.மீ., சாப்பாட்டு மேசையின் உயரம் 72 முதல் 75 செ.மீ. வரை இருந்தால் வசதி. நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழுந்திருக்க மேசை விளிம்பிலிருந்து குறைந்தது 75 செ.மீ. இடம் விடுங்கள். மழைக்காலத்தில் மூடிவைக்கும் உறையில் காற்றுப் போகும் திறப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே தங்கும் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.