'தான்' வந்தால் அம்பு திரும்பும்: குறியீட்டுத் தருக்கத்தில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

வாதங்களைக் குறிகளாக எழுதிச் சரிபார்க்கும் குறியீட்டுத் தருக்கம் முதல் மூன்று வாரம் ரொம்பச் சாதுவாக இருக்கும். 'உம்' (∧), 'அல்லது' (∨), 'இல்லை' (¬), 'என்றால்' (→ என்ற அம்பு) என்று நாலைந்து குறிகள், நிரப்புவதற்கு ஓர் அட்டவணை, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் எடுத்தவர்கள் ஒரு கூற்று எப்போது மெய், எப்போது பொய் என்று காட்டும் மெய்மை அட்டவணையை அங்கேயே பார்த்திருப்பார்கள். இலங்கையில் உயர்தரத்துக்கு அளவையியலும் விஞ்ஞான முறையும் படித்தவர்களுக்கு இன்னும் பழக்கம் அதிகம். அதனால் 'இது தெரிந்ததுதானே' என்று வகுப்பில் பாதிக் காதோடு உட்கார்ந்திருக்கிற காலம் அந்த மூன்று வாரம். நானும் அப்படித்தான் இருந்தேன். நிறுவல்கள், அதாவது வரிவரியாக முடிவை வருவிக்கும் கணக்குகள், தொடங்கிய பிறகு, கரும்பலகையில் ஆசிரியர் போடப் போட, ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினேன். விடுதிக்குப் போய் அதே கணக்கை வெள்ளைத் தாளில் போட உட்கார்ந்தால் மூன்றாவது வரி வரவில்லை.

காரணம் எளியது. எழுதி முடித்த நிறுவலில் 'இந்த வரி சரியா' என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. 'ஏன் இந்த வரி, வேறு வரி ஏன் இல்லை' என்பதற்கு அதில் பதில் கிடையாது. தேர்வில் நம்மிடம் கேட்பது அந்த இரண்டாவதைத்தான். வகுப்பில் புரிந்த நிறுவலை அன்றைக்கே மூடி வைத்துவிட்டு, பார்க்காமல் போட்டுப் பாருங்கள். எங்கே நின்றுபோகிறதோ அதுதான் உங்களுக்குப் புரியாத இடம். இரண்டு வாரம் விட்டுப் பிடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்தப் பாடத்தில் ஆறாம் வாரம் ஐந்தாம் வாரத்தின் தோளில் நிற்கும்.

அம்பை அட்டவணையாக மட்டும் மனப்பாடம் செய்வது

ப, க என்பவை இரண்டு கூற்றுகள் என்றால், ப → க ('ப என்றால் க') என்பது ப மெய்யாகவும் க பொய்யாகவும் இருந்தால் மட்டுமே பொய். மற்ற மூன்று வரிசைகளிலும் மெய். இதைக் கேட்டதும் எல்லோருக்கும் வருகிற கேள்வி, 'முன்பாதியே பொய் என்றால் முழுக்கூற்று எப்படி மெய்யாகும்?' பலர் 'விதி அப்படி' என்று நெட்டுருப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அதன் வட்டி பின்னால் ஏறும்.

இப்படிப் பாருங்கள். 'ஓர் எண் 4 ஆல் வகுபட்டால் 2 ஆலும் வகுபடும்.' இது எல்லா எண்களுக்கும் மெய் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இப்போது 8 ஐப் போடுங்கள்: மெய், மெய். 6 ஐப் போடுங்கள்: முன்பாதி பொய், பின்பாதி மெய். 3 ஐப் போட்டால் இரண்டும் பொய். எல்லா எண்களுக்கும் மெய் என்று ஒப்புக்கொண்ட பிறகு 6 இலும் 3 இலும் அது பொய் என்று சொல்ல வழியில்லை. வராதது ஒரே சேர்க்கை: 4 ஆல் வகுபட்டு 2 ஆல் வகுபடாத எண். அட்டவணையின் அந்த ஒற்றைப் 'பொய்' அங்கிருந்து வருகிறது.

பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966 இல் வெளியிட்ட ஒரு சோதனையைத் தமிழெழுத்தில் சொல்கிறேன். மேசையில் நான்கு சீட்டுகள்: ஆ, க, 4, 7. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். 'ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்' என்பது விதி. விதி மீறப்பட்டிருக்கிறதா என்று அறிய எந்தெந்தச் சீட்டைத் திருப்ப வேண்டும்? பெரும்பாலோர் ஆ, 4 என்பார்கள். சரியான விடை ஆ, 7. நான்கின் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதி உடையாது. ஏழின் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்துவிடும். அந்த முதல் சோதனைகளில் சரியாகச் சொன்னவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. இதே புதிரை 'பியர் குடிப்பவருக்கு 19 வயது தாண்டியிருக்க வேண்டும்' என்று 1982 இல் வேறு இருவர் அமெரிக்க மாணவர்களிடம் கேட்டபோது பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். ஆகவே அம்பு குழப்பும்போதெல்லாம் அதை ஒரு சட்டமாக நினைத்துக்கொண்டு, சட்டத்தை மீறுகிற ஆளைத் தேடுங்கள்.

வாக்கியத்தைக் கேட்காமல் குறியை மட்டும் போடுவது

பாடநூல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். 'இஃப்' என்ற சொல்லைக் கண்டதும் அதற்குப் பின்னால் வருவதை அம்பின் இடப்பக்கம் வைக்கிறார்கள். 'ஒன்லி இஃப்' வந்தாலும் அதையே செய்கிறார்கள். விடைத்தாளில் மதிப்பெண் அதிகம் ஒழுகுகிற ஓட்டை இதுதான் என்பேன். நமக்கோ இதற்குத் தமிழே கைகொடுக்கிறது, யாரும் சொல்லித் தருவதில்லை.

'மழை பெய்தால் பயிர் விளையும்' என்றால் ம → வ. 'மழை பெய்தால்தான் பயிர் விளையும்' என்று ஒரு 'தான்' சேர்த்துப் பாருங்கள். மழை பெய்தால் விளைச்சல் நிச்சயம் என்று இப்போது யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. பூச்சி அடிக்கலாம், ஆடு மேயலாம். ஆனால் பயிர் விளைந்திருந்தால் மழை பெய்திருக்க வேண்டும். வ → ம. ஒரே சொல்லில் அம்பு திரும்பிவிட்டது. 'ஒன்லி இஃப்' வருகிற இடத்தில் மனதுக்குள் 'ஆல்தான்' போட்டு வாசியுங்கள். 'அன்லெஸ்' வந்தால் 'ஆவிட்டால்' போடுங்கள். 'மழை பெய்யாவிட்டால் ஆட்டம் நடக்கும்': ¬ம → ஆ. முடிந்தது.

'மழை பெய்தாலும் ஆட்டம் நடக்கும்' என்பதில் இன்னொரு பொறி இருக்கிறது. 'ஆல்' கண்ணில் பட்டதும் ம → ஆ என்று எழுதத் தோன்றும். சொன்னவர் அதைவிட அதிகமாகச் சொல்லியிருக்கிறார்: மழை பெய்யட்டும், பெய்யாமல் போகட்டும், ஆட்டம் நடக்கும். எனவே வெறும் ஆ. அப்புறம் 'ஆனால்' இருக்கிறதே, அது ஒரு வேடிக்கையான சொல். 'அவன் டாக்டர் ஆனால் ஊருக்கு வருவான்' என்பதில் அது அம்பு. 'அவன் டாக்டர், ஆனால் ஊருக்கு வருவதில்லை' என்பதில் அது ∧ தான். அதிலுள்ள ஏமாற்றமும் குத்தலும் குறியீட்டுக்குள் போகாது. மெய், பொய் மட்டும்தான் போகும். 'அல்லது' பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்: காபி அல்லது டீ என்று சர்வர் கேட்டால் ஒன்றுதான் கிடைக்கும், ∨ என்றால் இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

மெய்யையும் வலிமையையும் ஒன்றாக நினைப்பது

சென்னை தமிழ்நாட்டில் இருந்தால் சென்னை இந்தியாவில் இருக்கிறது. சென்னை இந்தியாவில் இருக்கிறது. ஆகவே சென்னை தமிழ்நாட்டில் இருக்கிறது. மூன்று வரியும் மெய், வாதம் வலிதல்ல. எடுகூற்றுகள், அதாவது 'ஆகவே'க்கு முன்னால் வருபவை, மெய்யாக இருக்கும்போது முடிவு பொய்யாகவே முடியாது என்றால்தான் வாதம் வலிது. சென்னையை எடுத்துவிட்டு மும்பையைப் போடுங்கள். எடுகூற்றுகள் இரண்டும் மெய்யாகவே நிற்கும், முடிவு கவிழ்ந்துவிடும். எதிர்ப்பக்கம், 'எல்லா மீன்களும் பறக்கும், திமிங்கலம் மீன், ஆகவே திமிங்கலம் பறக்கும்' என்பதில் ஒரு வரிகூட மெய் இல்லை, வாதம் வலிது. விடையின் உள்ளடக்கம் நமக்குத் தெரிந்ததாக இருந்தால் புத்தி வடிவத்தைப் பார்க்க மறுக்கும். அதனால்தான் பெயர்களை எடுத்துவிட்டு எழுத்துகளை வைக்கிறோம்.

நிறுவலில் கைதவறும் இடங்கள்

அனுமான விதிகள் முழு வரிக்கும் பொருந்துபவை, வரியின் ஒரு துண்டுக்கு அல்ல. (ப ∧ க) → ச என்ற வரியிலிருந்து ப வை உருவி எடுக்கிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். 'லாட்டரி விழுந்து வேலையும் கிடைத்தால் வீடு கட்டுவேன்' என்றவருக்கு லாட்டரி விழுந்துவிட்டதாக யாராவது வாழ்த்துச் சொல்வார்களா? ¬(ப ∧ க) விலிருந்து ¬ப என்று எழுதுவதும் இதே வகை. இரண்டும் சேர்ந்து இல்லை என்பதற்கு, ஏதோ ஒன்று இல்லை என்பது மட்டுமே பொருள்.

தற்காலிக எடுகோளைத் திறந்து உள்ளே வேலை செய்துவிட்டு, பெட்டியை மூடிய பிறகு உள்ளிருந்த வரியை வெளியே பயன்படுத்துவதும் அடிக்கடி நடக்கும். 'அவன் வந்தான் என்று வைத்துக்கொள்வோம்' என்று தொடங்கினால், பெட்டியை மூடும்போது 'அவன் வந்திருந்தால் இப்படி' என்பதைத்தான் வெளியே கொண்டுவரலாம்.

மேலிருந்து கீழே மட்டும் போகாதீர்கள். முடிவைப் பாருங்கள். அது அம்பு என்றால் இடப்பக்கத்தை எடுகோளாக வைத்து வலப்பக்கத்தைத் தேடுங்கள். எங்குமே வழி தெரியாவிட்டால் முடிவின் மறுப்பை வைத்து முரண்பாட்டை வரவழையுங்கள். இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் விடைகளும் பழைய பாடநூல்களும் வேறு விதித்தொகுப்பில் இருக்கும். → க்குப் பதில் ⊃, ∧ க்குப் பதில் புள்ளி. குறி மாறினால் பரவாயில்லை; உங்கள் பாடத்தில் அனுமதிக்காத விதியைப் பெயரோடு எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

எல்லாமும் யாரோவும்

ராமுவும் சோமுவும் வந்தார்கள்; எல்லோரும் வந்தார்கள். ராமுவோ சோமுவோ வந்திருக்கிறார்கள், யாரோ வந்திருக்கிறார்கள். 'உம்' இணைக்கிறது, 'எல்லா'வையும் உண்டாக்குகிறது. 'ஓ' பிரிக்கிறது, 'யாரோ'வையும் உண்டாக்குகிறது. ∀ ('எல்லா') என்பது நீண்ட ∧ என்றும் ∃ ('யாரோ') என்பது நீண்ட ∨ என்றும் ஆசிரியர் சொல்வது நம் விகுதிகளில் ஏற்கெனவே கிடக்கிறது. ஃப்ரேக என்ற ஜெர்மன் கணிதவியலாளர் 1879 இல் இந்தக் கருவியை உருவாக்கினார், நாம் விகுதியாக ஒட்டிக்கொண்டு திரிகிறோம் என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை.

பெருமை இருந்தாலும் தவறு நடக்கும். 'வகுப்பிலுள்ள எல்லோரும் தமிழர்' என்பதற்கு ∀ய (வ(ய) ∧ த(ய)), அதாவது 'எந்த ய வை எடுத்தாலும் அது வகுப்பில் இருக்கிறது, தமிழரும்கூட' என்று எழுதினால், இமயமலை உட்பட உலகில் உள்ள எல்லாமே அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கின்றன என்று ஆகும். அங்கே → வேண்டும். 'வகுப்பில் ஒரு தமிழர் இருக்கிறார்' என்பதற்கு → போட்டாலோ, வகுப்பில் இல்லாத ஒரு பொருள் எங்காவது இருந்தாலே கூற்று மெய்யாகிவிடும். அங்கே ∧. 'எல்லா'வுக்கு → போடுவதன் விளைவாக, 'என் தோட்டத்து யானைகள் எல்லாம் இளஞ்சிவப்பு' என்பது இன்றைய தருக்கத்தில் மெய், தோட்டத்தில் யானை இல்லாததால். 'எல்லா' என்றால் ஒன்றாவது இருக்கும் என்று கொள்கிற அரிஸ்டாட்டில் வழித் தருக்கத்தைப் படித்துவிட்டு வருபவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள்.

'எல்லோரும் வரவில்லை' என்பதைப் பேச்சில் இரண்டு விதமாகவும் கேட்கலாம்: சிலர் வரவில்லை, அல்லது ஒருவருமே வரவில்லை. முன்னது ¬∀, பின்னது ∀¬. எது என்று முடிவு செய்யாமல் பேனாவை எடுக்கக் கூடாது. 'யாரோ பாடினார்', 'யாரோ ஆடினார்' என்ற இரண்டு வரிகளுக்கும் ஒரே பெயரை வைப்பது இன்னொன்று. பாடியவருக்குக் 'க' என்று பெயர் வைத்தால், ஆடியவருக்குப் புதிய பெயர் வைக்க வேண்டும்.

கடைசியாக, 'எனக்கு நிறுவல் கிடைக்கவில்லை, ஆகவே வலிதல்ல' என்று எழுதுவது. இங்கே மெய்மை அட்டவணை உதவாது. எந்த வாதத்தைக் கொடுத்தாலும் வலிதா இல்லையா என்று சொல்லிவிடும் இயந்திர முறை ∀, ∃ வருகிற இந்தத் தருக்கத்துக்குக் கிடையாது என்று கணிதவியலாளர்கள் அலான்சோ சர்ச்சும் ஆலன் டூரிங்கும் 1936 இல் தனித்தனியே காட்டினார்கள். வலிதல்ல என்று காட்ட வேண்டுமானால், எடுகூற்று மெய்யாகவும் முடிவு பொய்யாகவும் இருக்கிற ஒரு சின்ன உலகத்தை நீங்களே படைக்க வேண்டும். 'ஒவ்வொருவரும் யாரையோ விரும்புகிறார், ஆகவே எல்லோரும் விரும்பும் ஒருவர் இருக்கிறார்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் கண்ணன், வள்ளி என்று இரண்டு புள்ளிகள். யார் யாரை விரும்புகிறார் என்று அம்பு போட்டால் மொத்தம் 16 படங்கள். அவற்றில் 9 இல் எடுகூற்று மெய். அந்த 9 இலும் 7 இல் முடிவும் மெய்யாகவே வரும். இந்த வாதம் பலரை ஏமாற்றுவது அதனால்தான். மிச்சம் இரண்டே படங்கள்: இருவரும் தங்களைத் தாங்களே மட்டும் விரும்புவது ஒன்று, இருவரும் ஒருவரை ஒருவர் மட்டும் விரும்புவது மற்றொன்று. ஏதாவது ஒன்றை விடைத்தாளில் வரைந்தால் போதும்.