துருத்தி தின்ன வெளிச்சம்

சென்னிமலைத் தறிக்கூடத்துல, மமியா ஆர்பி67 பிலிம் கேமராவுல நெசவாளர் கையை ரொம்பக் கிட்டத்துல எடுத்தேனுங்க. 120 பிலிம்ல பத்தே படம். கழுவிப் பார்த்தா வெளிச்சம் பத்தாம அத்தனை நெகட்டிவும் வெளிறிக் கெடந்துச்சு. லென்ஸ்தான் சரியில்லைன்னு நெனச்சு, கிட்டத்துல எடுக்கறதுக்கான 140 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்கோணும்னு வெலைகூட விசாரிச்சுட்டேன்.

தப்பு எம்மேலதான். கிட்டத்துல எடுக்க, 127 மி.மீ. லென்ஸைத் துருத்தியில (லென்ஸை முன்னே நகர்த்துற மடிப்புப் பை) முழுசா 46 மி.மீ. முன்னே தள்ளினா, பிலிமுக்கான தூரம் 173 ஆயிடுது. 173-ஐ 127-ஆல வகுத்து, வந்ததை அதாலயே பெருக்கினா 1.86. அத்தனை மடங்கு வெளிச்சம் வேணும்; கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போச்சு. கையில புடிக்கிற வெளிச்ச மீட்டருக்கு இது எப்படித் தெரியும்? கேமரா பக்கவாட்டுலயே இதுக்கான அட்டவணை இருக்குது, நாந்தான் பார்க்கல.

அடுத்த தடவை ஷட்டரை 1/15 செகண்டுக்குப் பதிலா 1/8 வெச்சேன். ட்ரைபாட் ஏற்கெனவே இருந்துச்சு. புதுசா வாங்கினது, கேமராவுக்குள்ள இருக்குற கண்ணாடியை அதிர்வு வராம முன்னாடியே தூக்கிட்டு ஷட்டரை விடுறதுக்கு ஒரு கேபிள் ரிலீஸ் மட்டுந்தானுங்க. இப்பப் பாவு நூலை ஒவ்வொண்ணா எண்ணலாம்.