உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்: சின்ன டிராக்டர் தேர்ந்தெடுக்கும் முறை

பர்மாவில் எங்கள் பெகு பக்கம் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே பரபரப்பு. மழை பிடிப்பதற்குள் உழவுக்கு வண்டி தயாராக வேண்டும். அந்த அவசரத்தில் குதிரைத்திறனையும் விலையையும் மட்டும் கேட்டு டிராக்டரை வாங்கிவிடுகிறோம். என் அப்பா அப்படித்தான் ஒரு பழைய ஜப்பான் வண்டி வாங்கினார். இன்ஜினில் குறையே இல்லை. ஆனால் கிளட்சை முழுக்க மிதிக்க அவர் சீட்டின் நுனிக்கு நகர வேண்டியிருந்தது. சாக்கை நாலாக மடித்து முதுகுக்குக் கொடுத்துக்கொண்டு இரண்டு போகம் ஓட்டினார். மூன்றாவது போகத்தில் குனிந்து செருப்பை எடுக்க முடியவில்லை.

அதனால்தான் முதன்முறை வாங்குகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

முதலில், வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டியது

சுமாராக 20 முதல் 50 குதிரைத்திறன் வரை உள்ளவை சின்ன டிராக்டர்கள். சேற்றுழவு என்றால் நான்கு சக்கர இழுவையும் பவர் ஸ்டியரிங்கும் கட்டாயம். இந்த இரண்டையும் விலைக்காக விட்டுக்கொடுக்காதீர்கள், தோள்பட்டைதான் பதில் சொல்லும். உங்கள் ரோட்டவேட்டரின், அதாவது டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைப் புரட்டும் சுழல் கலப்பையின், எடையைக் குறித்துக்கொண்டு போங்கள், பின்பக்கத் தூக்கி அதைத் தாங்குமா என்று கேட்க வேண்டும்.

அடுத்து, ஏறி இறங்குங்கள்

ஒரு தடவை போதாது, ஐந்தாறு தடவை. வயலில் காலெல்லாம் சேறாக இருக்கும். படி அகலமாகவும் சொரசொரப்பாகவும் இருக்கிறதா, பிடிக்கக் கைப்பிடி உண்டா என்று பாருங்கள். கால் வைக்கும் தளம் சமமாக இருந்தால் நல்லது. சில வண்டிகளில் கியர் பெட்டி நடுவில் மேடாக நிற்கும், குதிரையில் உட்கார்வதுபோல் கால்களை விரித்து உட்கார வேண்டும். வெயில் காலத்தில் அந்தப் பெட்டியின் சூடு தொடையில் ஏறும்.

சீட்

இங்கே அவசரமே வேண்டாம். சின்ன டிராக்டர்களில் பெரும்பாலும் பின் அச்சுக்கு ஸ்பிரிங் கிடையாது. வரப்பில் ஏறி இறங்கும் அதிர்ச்சியைத் தாங்குவது டயரும் சீட்டும்தான். மிச்சத்தை உங்கள் முதுகெலும்பு வாங்கிக்கொள்ளும்.

முதுகைச் சாய்மானத்தில் ஒட்டவைத்துக்கொண்டு கிளட்சைக் கடைசிவரை மிதியுங்கள். முதுகு விலகாமல், முழங்கால் லேசாக மடிந்தபடியே இருந்தால் சரி. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தாலும், கால் விறைத்து நீண்டாலும் சீட்டை முன்பின் நகர்த்திப் பாருங்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை. சீட்டுக்கு அடியில் எடைக்குத் தகுந்தபடி திருகும் குமிழ் இருக்கிறதா என்று கேளுங்கள். 55 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே ஸ்பிரிங் இறுக்கம் ஒத்துவராது.

அப்புறம் திரும்பிப் பாருங்கள். ரோட்டவேட்டர் ஓட்டும்போது பாதி நேரம் கண் பின்னால்தான் இருக்கும். ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்க, இடுப்பைத் தூக்காமல் பின்னால் மண் புரள்வது தெரிய வேண்டும். தூக்கியின் நெம்புகோல் அந்த நிலையிலேயே இன்னொரு கைக்கு எட்ட வேண்டும்.

கியர்

முன்னும் பின்னும் மாற்றும் நெம்புகோல் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தால், சின்ன வயலில் ஓயாமல் திருப்பும்போது கை சோராது. கியரே மாற்ற வேண்டாத, மிதித்தால் ஓடும் ஹைட்ரோஸ்டாடிக் வண்டி தோட்ட வேலைக்குச் சுகம். ஆனால் விலை கூடுதல், இன்ஜின் சக்தியிலும் கொஞ்சம் அதிலேயே போய்விடும். நாள் முழுக்க உழுகிறவர்களுக்குக் கியர் வண்டிதான் என் யோசனை.

உயிர் காப்பவை

பின்னால் நிற்கும் பாதுகாப்பு வளைவு இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வண்டி கவிழ்ந்தால் நசுங்காமல் காப்பது அதுதான். வளைவு நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் போட்டே ஆக வேண்டும். மரத்தடியில் போவதற்காக மடக்கினால் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் நிமிர்த்துங்கள்.

இன்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்க பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டுக்கு மூடி இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான். அது நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு ஒன்பது. கைலியின் நுனி சிக்கினால் கையை விலக்கக்கூட நேரம் இருக்காது. நம் ஆட்கள் கைலியோடுதான் வண்டியில் ஏறுகிறார்கள். தயவுசெய்து கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வயலில் அரை மணி நேரம்

கடை வாசலில் இரண்டு நிமிடம் ஓட்டுவது சோதனை ஆகாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ரோட்டவேட்டர் மாட்டி அரை மணி நேரம் உழுது பார்க்கக் கேளுங்கள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், காதடைப்பான் இல்லாமல் அதை ஓட்டக் கூடாது. புகைக்குழாய் முகத்தை நோக்கி ஊதுகிறதா, கூரை நிழல் உச்சி வெயிலில் தொடைவரை விழுகிறதா என்றும் கவனியுங்கள். இறங்கியதும் விரல் மரத்திருக்கிறதா, இடுப்பு பிடிக்கிறதா?

வண்டியை ஓட்டப்போவது தம்பி என்றால் தம்பியையும் கூட்டிப் போங்கள். வீட்டில் இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவார்கள் என்றால், முதலில் குட்டையானவர் உட்காரட்டும், பிறகு நெட்டையானவர்.