நெடுஞ்சாலையில் எஸ்யூவி மைலேஜ்: கணக்கிலும் ஓட்டத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காம்பேக்ட் எஸ்யூவி வாங்கியவர்கள் முதல் நெடும்பயணம் முடிந்ததும் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "கம்பெனி 20 என்று சொன்னது, எனக்கு 15தான் கிடைக்கிறது. வண்டியில் ஏதாவது கோளாறா?" அந்த 15-ஐ எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பலருக்கு அங்கேயே கணக்கு இடறுகிறது.

டேஷ்போர்டு காட்டும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. இன்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எவ்வளவு நேரம் திறந்திருந்தன என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் போடும் மதிப்பீடு அது. உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் வண்டிகள் நிறைய உண்டு. ஃபுல் டேங்க் அடித்து, ட்ரிப் மீட்டரை ஜீரோ செய்து, ஓடி முடித்து மறுபடி ஃபுல் டேங்க் அடித்துப் பார்ப்பதுதான் சரியான வழி.

அதிலும் ஒரு சறுக்கல் இருக்கிறது. முதல் தடவை நாசில் 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிடுகிறோம். அடுத்த தடவை, தொகை ரவுண்டாக வரட்டும் என்று ஊழியர் இன்னும் நாலு அழுத்து அழுத்துகிறார். 2 லிட்டர் கூடுதலாக இறங்குகிறது. 300 கிலோமீட்டர் ஓடியிருக்கிறீர்கள். 18 லிட்டர் என்றால் மைலேஜ் 16.7, 20 லிட்டர் என்றால் 15. வண்டியும் மாறவில்லை, ஓட்டமும் மாறவில்லை. அதனால் முடிந்தவரை ஒரே பங்க், சமதரை, முதல் 'டக்'கோடு நிறுத்தம். அப்படி மூன்று நான்கு டேங்க் பார்த்தபிறகு பேசலாம்.

சராசரி எடுப்பதிலும் பலர் தவறுகிறார்கள். போகும்போது 100 கிலோமீட்டருக்கு 20 கிடைத்தது, மலையேறித் திரும்பும்போது அதே 100 கிலோமீட்டருக்கு 12. சராசரி 16 அல்ல. போக 5 லிட்டர், வர 8.3 லிட்டர், 200-ஐ 13.3-ஆல் வகுத்தால் 15தான் வரும். மொத்த தூரத்தை மொத்த லிட்டரால் வகுப்பது ஒன்றுதான் கணக்கு.

சரி, கணக்கு நேரானது. அப்புறமும் குறைகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது வேகத்தை. கம்பெனி சொல்லும் எண்ணுக்கு அடிப்படையான ஆய்வகச் சோதனை நெடுஞ்சாலை ஓட்டத்தைப் போன்றது என்று நினைப்பது பெரிய தவறு. உலகின் பல நாடுகளில் பயன்படும் டபிள்யூஎல்டிபி சோதனையின் சராசரி வேகம் மணிக்கு சுமார் 46 கிலோமீட்டர். அதற்கு முன் ஐரோப்பாவில் இருந்த என்இடிசி சோதனையில் 34-ஐ ஒட்டித்தான். நீங்களோ மணிக்கணக்கில் 110-ல் போகிறீர்கள்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் தடை 56 சதவீதம் கூடும். 120-க்குப் போனால் இரண்டேகால் மடங்கு. எஸ்யூவி உயரமாக, முகம் அகலமாக நிற்கும் வண்டி. அதே இன்ஜின் போட்ட ஹேட்ச்பேக்கைவிட அதிகக் காற்றைத் தள்ளியாக வேண்டும். டயர் உருளும் தடை இந்த அளவுக்கு ஏறாததால் எரிபொருள் செலவு அப்படியே இரண்டேகால் மடங்காகாது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஏறும். சமதளச் சாலையில் 90-ல் நிலையாகப் போகும்போது உடனடி மைலேஜ் காட்டும் பட்டையைப் பாருங்கள், பிறகு 110-ல் நிலையானதும் பாருங்கள். 100 கிலோமீட்டர் தூரத்துக்கு இந்த இரண்டு வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் 12 நிமிடம்.

எதிர்க்காற்றை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், நீங்கள் 100-ல் போனாலும் வண்டி உணர்வது 120-ன் காற்றைத்தான். அப்படி ஒரு நாளை வைத்து வண்டியைக் குறை சொல்லக்கூடாது.

எடையைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்குக் கூரையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. 45 கிலோ கூடுதல் எடைக்கு மைலேஜ் சுமார் 1 சதவீதம்தான் குறையும். கூரைமேல் பெரிய பெட்டி வைத்தால், மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் 10 முதல் 25 சதவீதம் வரை போகலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. வெறும் கேரியர் கம்பிகளே காற்றில் விசிலடிக்கும். அந்தச் சத்தமும் எரிபொருள்தான். பயணம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

டயர் அழுத்தத்தை வண்டி கிளம்பும் முன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயர் சில பிஎஸ்ஐ கூடுதலாகவே காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், டயர் ஆறியதும் அழுத்தம் தேவைக்குக் கீழே போய்விடும். குடும்பமும் மூட்டைகளும் ஏறும் பயணத்துக்கு, டிரைவர் கதவருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கான அளவு தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது மிச்சம் என்று இன்னும் நம்புகிறார்கள். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய இன்ஜின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்காக, அதாவது இன்ஜின் அணையாமல் சும்மா ஓடுவதற்காக, குடிக்கும். போதாததற்கு இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும் இன்ஜின் பிரேக்கிங்கும் போய்விடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

இத்தனையும் சரிசெய்து, நாலு டேங்க் பார்த்தும் எண் ஏறவில்லையா? அப்போது வண்டியைச் சந்தேகிக்கலாம். அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி வந்து நிறுத்தி, நாலு சக்கரங்களுக்கு அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் எதிர்ப்பக்க ஜோடிச் சக்கரத்தைவிட நன்றாகச் சூடடித்தால், அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். மெக்கானிக்கிடம் முதலில் அந்தச் சக்கரத்தைக் காட்டுங்கள்.